மூன்றாம் வகுப்பு முடிக்கும் குழந்தைக்கு வாசிக்கத் தெரியுமா? திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு அரசுத் தொடக்கப் பள்ளி வகுப்பறையில் நடப்பது என்ன? - முழு விளக்கம்

சுருக்கமாகச் சொன்னால்...

* 8 வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையில்லாமல் வாசிக்க, எழுத, கணக்குப் போட வேண்டும் என்பதுதான் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் இலக்கு. இதற்கு வைத்த கெடு 2025.
* ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். டீச்சர் மட்டும் ஒருவர்.
* சட்டப்படி ஒரு வாரத்துக்குக் கிடைக்கும் பாட நேரம் சுமார் 20 மணி நேரம். அதில் ஒரு குழந்தைக்குத் தனியாகக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.
* பெற்றோர் வீட்டிலேயே 5 நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை கட்டுரையின் கடைசியில் இருக்கிறது.

காலை எட்டு மணிக்கு மயிலாப்பூர் லஸ் கார்னரில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் மஞ்சள் வேன்கள், பைக்கின் முன்னால் உட்கார்ந்து போகும் டை கட்டிய பிள்ளைகள். இன்னொரு பக்கம், சந்துகளிலிருந்து அக்கா தம்பியாகக் கைகோத்து நடந்தே வரும் பிள்ளைகள். இவர்கள் போவது பக்கத்திலேயே இருக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கோ, அரசு உதவி பெறும் பள்ளிக்கோதான்.

இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி நியூஸ்ல எப்போ பேசுவோம்? ரிசல்ட் வரும்போது, மழை லீவு விடும்போது, சத்துணவில் ஏதாவது பிரச்னை வரும்போது. ஒரு சாதாரண வாரத்தில் அந்த வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது, பிள்ளை என்ன கற்றுக்கொண்டு வீட்டுக்கு வருகிறது என்பதை நாம் பெரிதாகப் பேசுவதே இல்லை. ஆனால் எல்லாமே அந்த ஒரு வாரத்தில்தான் இருக்கிறது.

ஏன் மூன்றாம் வகுப்பு? அதுவரைக்கும் எழுத்துக்கூட்டி வாசிப்பதுதான் பாடமே. அதற்கு மேல் அறிவியல், சமூக அறிவியல், கணக்கில் வரும் வாக்கியக் கணக்கு எல்லாமே வாசித்துப் புரிந்தால்தான் மண்டையில் ஏறும். வாசிக்க வராத பிள்ளையும் 'ஆல் பாஸ்'ல 4, 5, 6 என்று போய்க்கொண்டே இருக்கும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும், ஆனால் பாடம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

இந்தக் கட்டுரைக்காக ஒரு வகுப்பறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எந்தக் குறிப்பிட்ட பள்ளியும் இல்லை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 3-ஆம் வகுப்பு, 25 பிள்ளைகள், ஒரு டீச்சர். வாங்க, திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

திங்கள்: முதல் பாடம் சாப்பாடு

அடையாறு அபார்ட்மென்ட்களில் வீட்டு வேலைக்குப் போகும் அம்மா காலை ஆறரைக்கே கிளம்பணும். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் குடும்பத்தில் விடியற்காலையே வியாபாரம் ஆரம்பிச்சுடும். அப்போ பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு? பல வீடுகளில் ஒரு டீ, ரெண்டு பிஸ்கட். இல்லன்னா அதுவும் கிடையாது.

இந்த இடத்தில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வருகிறது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய திட்டம் இது. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் தொடங்கி, மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. அடுத்த ஆண்டு ஊரகப் பகுதியில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகள் சேர்ந்தன. நகரத்தில் இருக்கும் உதவி பெறும் பள்ளிகள் மட்டும் பாக்கி இருந்தன. அந்தக் கடைசிக் கட்டம் 2025 ஆகஸ்ட் 26-ல் நம்ம மயிலாப்பூரில், புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கப்பட்டது.

திட்டம் தொடங்கியபோது திங்கட்கிழமை என்றால் உப்புமாவும் சாம்பாரும், செவ்வாய்க்கிழமை கிச்சடி, புதன்கிழமை பொங்கல் என்று ஒரு வாரப் பட்டியல் இருந்தது. அவ்வப்போது சின்ன மாற்றங்களும் செய்கிறார்கள்.

சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். திட்டம் முதலில் வந்த 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் மாணவர் வருகை கூடியதாக அரசு சொன்னது. திங்கட்கிழமை வராத பிள்ளைக்கு செவ்வாய்க்கிழமை பாடம் புரியாது. அவ்வளவுதான் கணக்கு.

இதில் சென்னைக்கு ஒரு பெருமையும் இருக்கிறது. இந்த ஊரில் பள்ளியில் சாப்பாடு போடும் யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1920-ல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானம். அப்போது மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். நாம் தினமும் 'தி.நகர்' என்று சொல்கிறோமே, அந்த 'தி' அவர்தான். பிறகு 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர். என்று அது மாநிலத் திட்டமாக வளர்ந்தது.

செவ்வாய்: ஒரே வகுப்பு, மூன்று கூட்டம்

வயிறு நிறைந்துவிட்டது. இனி பாடம். நம்ம உதாரண வகுப்பில் 25 பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் இல்லை. சிலர் கதைப் புத்தகத்தை எடுத்து மளமளவென்று வாசிப்பார்கள். சிலர் சின்னச் சின்ன வார்த்தை வரை வருவார்கள். சிலருக்கு 'கை'க்கும் 'கெ'க்கும் வித்தியாசம் இன்னும் பிடிபடவில்லை.

பழைய முறையில் டீச்சர் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் பத்தாம் பக்கத்தை எல்லோருக்கும் சேர்த்து நடத்துவார். பின்னால் இருக்கிற பிள்ளைக்கு அது புரியாது. முன்னால் இருக்கிற பிள்ளைக்கு போரடிக்கும்.

இதை மாற்றத்தான் எண்ணும் எழுத்தும் வந்தது. 2022 ஜூன் 13-ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் அரசுப் பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். பெயர் ஔவையாரின் கொன்றை வேந்தனை நினைவுபடுத்தும். 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை முதலில் வந்தது. 2023-24-ல் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் நீட்டித்தார்கள்.

இதில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்க்காமல், இப்போது என்ன தெரியும் என்பதை வைத்துப் பார்க்கிறார்கள். முதல் வகுப்பு அளவில் இருப்பவர் அரும்பு. இரண்டாம் வகுப்பு அளவில் இருப்பவர் மொட்டு. மூன்றாம் வகுப்பு அளவுக்கு வந்தவர் மலர். அதாவது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை 'அரும்பு'விலும் இருக்கலாம். அதற்கான பயிற்சி நூல் அந்தப் பிள்ளைக்குத் தனியாக இருக்கும். பாட்டு, கதை, பொம்மலாட்டம், கையால் செய்வது என்று தனித்தனி 'களங்கள்' வகுப்பறையிலேயே இருக்கும்.

இந்த யோசனை தமிழ்நாட்டில் மட்டும் பிறந்தது இல்லை. பிள்ளை இருக்கும் நிலையிலிருந்து சொல்லிக்கொடு என்ற முறையை 'பிரதம்' தொண்டு நிறுவனம் இந்தியாவின் பல மாநிலங்களில் செய்து பார்த்தது. பொருளாதார நோபல் பரிசு (2019) வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் அதைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்து, பலன் தருகிறது என்று காட்டினார்கள்.

சென்னைக்கும் இது புதுசு இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் செய்து பார்த்த முறையிலிருந்து எடுத்தது. பெஞ்சுக்குப் பதில் பாய், சுவரில் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, பாடப் புத்தகத்துக்குப் பதில் அட்டைகள், ஒவ்வொரு பிள்ளையும் ஏணி மாதிரி ஒவ்வொரு படியாக ஏறுவது. 2007-08-ல் அது மாநிலம் முழுக்கப் போனது. இப்போது முப்பதைத் தொடும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பலர் அந்த அட்டைகளில் படித்தவர்கள்தான். 'டீச்சர் ஒருத்தர், பிள்ளைகள் இருபது படியில், எல்லாருக்கும் எப்படிப் போய்ச் சேருவது?' என்ற கேள்வி அப்போதே வந்தது. அந்தக் கேள்விக்கு இன்னும் முழு பதில் கிடைக்கவில்லை.

தமிழ் வாசிக்கக் கற்பது ஏன் கஷ்டம்?

நமக்கு மறந்துபோயிருக்கும். ஒரு ஏழு வயசுப் பிள்ளையின் இடத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, குறிகளைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆனால் அந்தக் குறிகளே குழப்பும். 'கொ' என்று எழுதும்போது முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். சத்தமோ 'க்'கில் ஆரம்பிக்கிறது. கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் ஒன்றாக இல்லை. உகரக் குறியோ எழுத்துக்கு எழுத்து மாறும். கு, சு, து மூன்றையும் எழுதிப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது, ர-ற, ல-ள-ழ, ந-ன-ண. சென்னைப் பேச்சில் பல வீடுகளில் 'வாயப்பயம்' என்றுதான் பிள்ளை கேட்டு வளர்கிறது. புத்தகத்தில் 'வாழைப்பழம்' என்று இருக்கும். வீட்டில் 'இட்டுனு வா', புத்தகத்தில் 'அழைத்து வா'. பேசும் தமிழிலிருந்து எழுதும் தமிழுக்கு ஒரு பிள்ளை ஒவ்வொரு நாளும் மொழிபெயர்த்துக்கொண்டே வாசிக்கிறது. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வந்த எனக்கே செய்தி எழுதும்போது ஒற்று மிகுமா மிகாதா என்று இன்னும் சந்தேகம் வரும். ஏழு வயசுப் பிள்ளை தடுமாறினால் அது மக்கு இல்லை.

தி.நகர் பக்கம் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வந்த வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். வீட்டில் இந்தியோ தெலுங்கோ, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும். அந்தப் பிள்ளைக்கு அரும்பு நிலையே இரண்டு மடங்கு வேலை.

புதன்: கடையில் வரும் கணக்கு, நோட்டில் ஏன் வரலை?

தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடை போட்டிருக்கும் பாட்டிகூட சாயங்காலம் உட்காரும் பேத்தியைக் கவனிச்சிருக்கீங்களா? கால் கிலோ இஞ்சி, அரை கிலோ தக்காளி, ரெண்டு கட்டு கீரை. நூறு ரூபாய் கொடுத்தால் மீதி டக்குன்னு கையில் வரும். அதே பிள்ளைக்கு மறுநாள் வகுப்பில் '100 - 67' என்று கரும்பலகையில் எழுதினால், கடன் வாங்கும் இடத்தில் நின்றுவிடும்.

இது நம் கற்பனை இல்லை. 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. பானர்ஜி, டஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். வியாபாரத்தில் சிக்கலான கணக்கை மனதிலேயே போட்ட பிள்ளைகள், அதே கணக்கைப் பள்ளிப் பாணியில் கேட்டபோது தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளுக்கு நேர் எதிர்: நோட்டில் வரும் கணக்கு, கடையில் வரவில்லை.

இதிலிருந்து என்ன புரிகிறது? பிள்ளைக்கு மூளை இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. அந்த இரண்டு கணக்கையும் சேர்க்கும் பாலம்தான் இல்லை. பத்து ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய் காசு வைத்து இடமதிப்பு சொல்லிக்கொடுப்பது, குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டுவது எல்லாம் விளையாட்டு மாதிரி தெரியும். உண்மையில் அதுதான் அந்தப் பாலம். 'என்னடா ஸ்கூல்ல வெளாட விடுறாங்க, நோட்ல ஒண்ணுமே எழுதல' என்று பெற்றோர் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். நோட்டு நிறைந்திருப்பதை வைத்துப் படிப்பை அளக்கும் பழக்கம் நமக்கு.

வியாழன்: 20 மணி நேரத்தின் கணக்கு

இப்போது வகுப்பறையின் மிகப் பெரிய பிரச்னைக்கு வருவோம். அதன் பெயர் நேரம்.

கல்வி உரிமைச் சட்டம் (2009) சொல்வது இதுதான்: 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 4 மணி நேரம். ஐந்து நாள் வாரத்துக்கு 20 மணி நேரம்.

வாசிப்பு வளர வேண்டுமென்றால் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைக் கேட்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 5 நிமிடம் என்று வைத்தால் 25 பிள்ளைக்கு 125 நிமிடம். வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டால் 250 நிமிடம். அதாவது 4 மணி நேரத்துக்கும் மேல். வாரத்தில் ஒரு முழு நாள் அதிலேயே போய்விடும். பாக்கி நாலு நாளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம் முடிக்கணும், அதுவும் மூன்று நிலைகளுக்கும்.

சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! அப்போ ஒரு டீச்சர் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளைச் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்ற அமைப்பு இந்த மாதிரிப் பள்ளிகளுக்கு ஒரு வகையில் வசதிதான். ஆனால் டீச்சர் ஒரு நாள் லீவு போட்டால் பாதிப் பள்ளி நின்றுபோகும்.

லீவு மட்டுமா? சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பலாம் என்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடு வீடாகப் படிவம் கொடுத்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள்.

அப்புறம் மழை. வடகிழக்குப் பருவமழை வந்தால் சென்னையில் எத்தனை நாள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னைப் பள்ளிகள் ஒரு வாரம் மூடியே இருந்தன. மலர் நிலைப் பிள்ளை அந்த ஒரு வாரத்தைச் சமாளிக்கும். அரும்பு நிலைப் பிள்ளை போன வாரம் பிடித்த எழுத்தை மறந்துவிட்டு வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூவம், அடையாறு கரைகளிலும், மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் பக்கமும் குடியிருப்புகள் அகற்றப்பட்டு, குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்படும்போது, பிள்ளையின் பள்ளியும் மாறுகிறது. எந்தப் பயிற்சி நூலிலும் இந்த இடைவெளிக்குப் பக்கம் கிடையாது.

வெள்ளி: தேர்வு யாருக்கு, பிள்ளைக்கா டீச்சருக்கா?

வார இறுதியில் 'இந்த வாரம் என்ன கற்றது' என்று பார்ப்பது நல்ல யோசனை. இதற்கு வளரறி மதிப்பீடு என்று பெயர். இதில் ஒரு பகுதியை மொபைல் செயலியில் செய்யச் சொன்னார்கள். டீச்சரின் போனில் கேள்வி வரும், பிள்ளை ஒவ்வொருவராக வந்து பதில் சொல்லணும் அல்லது தொடணும்.

மறுபடியும் அதே கணக்கைப் போடுங்க. ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் 25 பேருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். நெட்வொர்க் சுத்திக்கிட்டே இருந்தால் இன்னும் அதிகம். ஒரு பிள்ளை போனில் இருக்கும்போது மற்ற 24 பேர் என்ன செய்வார்கள்?

ஆசிரியர்களின் கோபம் இங்கேதான். தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக், 2023-ல் நுங்கம்பாக்கம் டிபிஐ வளாகத்தில் போராடியபோது, இணையப் பதிவேற்ற வேலைகளைக் குறைக்க வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. பி.எட் மாணவர்களை வைத்து எண்ணும் எழுத்தும் வகுப்புகளை மதிப்பிட்டதற்கும் எதிர்ப்பு வந்தது.

அரசுத் தரப்பு வாதமும் இருக்கிறது. தரவு இல்லையென்றால் எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை பின்தங்கியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? எழுத்தே தெரியாமல் எட்டாம் வகுப்பு வரை போன பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் போனது தரவு இல்லாத காலத்தில்தானே?

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வெள்ளிக்கிழமை எடுத்த தரவு திங்கட்கிழமை டீச்சருக்குத் திரும்பி வந்து, 'இந்த ஐந்து பிள்ளைக்கு இந்த எழுத்தில் சிக்கல்' என்று சொன்னால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு அர்த்தம் இருக்கிறது. மேலே போய் ரிப்போர்ட்டாக மட்டும் நின்றுவிட்டால், பிள்ளை வாசிக்க வேண்டிய நேரத்தை எடுத்து அட்டவணைக்குக் கொடுத்த மாதிரிதான்.

சரி, பலன் கிடைத்ததா?

இதற்குப் பதில் சொல்ல கொரோனா காலத்துக்குப் போகணும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8-ஆம் வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அதாவது 2020-ல் முதல் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, முதல் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராமலே இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. 2022-ல் மூன்றாம் வகுப்புக்கு வந்தது.

அந்த ஆண்டு நடந்த 'ஆசர்' ஆய்வில், தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம் மட்டுமே. 2018-ல் அது 10.2 சதவீதம். 2024 ஆய்வில் மறுபடியும் 10 சதவீதத்தைத் தாண்டியது. விழுந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டோம் என்று சொல்லலாம். ஆனால் எழுந்து நிற்கும் இடமே பத்தில் ஒரு பிள்ளை என்ற இடம்தான்.

ஒரு விஷயம் கவனிக்கணும். ஆசர் கிராமப்புறங்களில் மட்டும் நடக்கும் ஆய்வு. மயிலாப்பூர், தி.நகர் பிள்ளைகள் அந்த எண்ணில் இல்லை. 'நாங்க சிட்டி, அதெல்லாம் எங்களுக்கு இல்ல' என்று நினைப்பதற்கும் அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

நம்பிக்கை தரும் ஆய்வும் இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள், கொரோனாவில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம், மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகளால் வந்தது. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே ஒரு அக்கா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததற்குக் கிடைத்த பலன் அது. பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் படிப்பு வருகிறது. வியாழக்கிழமை போட்ட நிமிடக் கணக்கும் இதைத்தான் சொன்னது.

2025 முடிந்துவிட்டது. இலக்கு?

எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குக் குறித்த ஆண்டு 2025. மத்திய அரசின் 'நிபுண் பாரத்' இதே மாதிரி இலக்கை 2026-27-க்கு வைத்திருக்கிறது.

இலக்கு முழுதாக நிறைவேறவில்லை என்பதற்கு அரசின் இன்னொரு திட்டமே சாட்சி. 2025-26-ல் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை, அடிப்படை வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய மாணவர்களுக்காக 'திறன்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். தொடக்கப் பள்ளியில் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான். மறைக்காமல் ஒப்புக்கொண்டது நல்ல விஷயம்.

2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. அன்று டிவியில் அதிகம் ஓடியது இருமொழிக் கொள்கையும், 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தும்தான். தொடக்க வகுப்புகளின் எழுத்தறிவு, எண்ணறிவு பற்றி அதில் இருந்தது விவாத மேடைக்கு வரவே இல்லை.

பணப் பிரச்னையும் உண்டு. தேசியக் கல்விக் கொள்கையோடு சேர்ந்த பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடாததால், 2024-25-ல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். ஆசிரியர் பயிற்சி உட்படப் பள்ளிகளின் பல செலவுகள் அந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தன.

பெற்றோர் என்ன செய்யலாம்?

மார்க் ஷீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால், சனிக்கிழமை காலையில் இதைச் செய்து பாருங்கள்.

1. பாடப் புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும். வேறு ஏதாவது சின்னக் கதையில் ஏழெட்டு வரியைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். தப்பு வந்தால் திருத்தாமல் முழுசாகக் கேளுங்கள்.

2. வாசித்து முடித்ததும் 'கதையில என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். வாசிக்க வந்து, சொல்ல வரவில்லை என்றால், எழுத்துக்கூட்டுவதிலேயே கவனம் போய்விடுகிறது என்று அர்த்தம். இன்னும் வாசிப்புப் பழக்கம் தேவை.

3. காய்கறி வாங்கி வந்த கணக்கை முதலில் வாயால் கேளுங்கள். பிறகு அதே எண்களை நோட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். எது தடுக்குது என்று உடனே தெரிந்துவிடும்.

4. டீச்சரைப் பார்க்கும்போது 'எம்புள்ள எப்படிப் படிக்கிறான்?' என்று பொதுவாகக் கேட்காதீங்க. 'அரும்பா, மொட்டா, மலரா? போன மாசம் எதுல இருந்தான்?' என்று கேளுங்கள். இந்தத் தகவல் டீச்சரிடம் கட்டாயம் இருக்கும்.

5. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். குழாய், கழிவறை பற்றிப் பேசுவது மாதிரியே, எத்தனை பிள்ளைகள் இன்னும் அரும்பில் இருக்கிறார்கள் என்றும் அங்கே கேட்கலாம்.

'எனக்கே எழுதப் படிக்கத் தெரியாதே' என்று சொல்லும் அம்மாக்களும் உண்டு. பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை வாசிப்பதைக் கேட்டால் போதும். அடையாறு, கோட்டூர்புரம் பக்கம் இருப்பவர்கள் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப் போகலாம். பிள்ளை தானாக எந்தப் புத்தகத்தை எடுக்குது, எத்தனை பக்கம் தாண்டுது என்று பாருங்கள். அது எந்தச் செயலியும் காட்டாத மதிப்பீடு.

திங்கட்கிழமை காலை மறுபடியும் சாப்பாடு, பிரேயர், அட்டெண்டன்ஸ். நம்ம உதாரண வகுப்பின் 25 பிள்ளைகளில் எத்தனை பேர் போன வாரத்தைவிட ஒரு வரி கூடுதலாக வாசிக்கிறார்கள்? டீச்சர், பெற்றோர், அரசு மூன்று பேரும் ஒவ்வொரு வாரமும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.